ரெண்டும் ஒரே கலர்னுதான் நானும் நினைச்சேன்

எல்லாருக்கும் வணக்கம். என் கையில ரெண்டு பெயிண்ட் அட்டை இருக்கு, பாருங்க. ரெண்டுமே லேசா சாம்பல் கலந்த ஆஃப் ஒயிட். ஹாலுக்கு இதுல எதை அடிக்கிறதுன்னு பத்து நாளா மண்டையைக் குடைஞ்சுட்டு இருந்தேன்.

இப்போ நடுவுல ஒரு வெள்ளை பேப்பர் வைக்கிறேன், பிரிண்டர்ல போடுற சாதா பேப்பர்தான். இப்போ தெரியுதா? இடது பக்கத்துல ரோஸ் எட்டிப் பாக்குது. வலது பக்கத்துல ஒரு பச்சைச் சாயல். இதைத்தான் அண்டர்டோன்னு சொல்வாங்க. தனியா பார்த்தா கண்ணுக்கே சிக்காது.

ஷேட் கார்டு பின்னாடி எல்ஆர்வின்னு ஒரு நம்பர் போட்டிருந்தா பாருங்க. வெளிச்சத்தை எவ்வளவு திருப்பி அனுப்பும்னு 0-லேர்ந்து 100 வரைக்கும் ஒரு கணக்கு. என்னோடது 72, 70. அதை வச்சு முடிவு பண்ண வழியே இல்ல.

சரி, சுவர்லயே ரெண்டு பட்டை அடிச்சுப் பாத்துடலாமேன்னு தோணும். எங்க சுவர் பழைய மஞ்சள். அதுமேல எதை அடிச்சாலும் அந்த மஞ்சள் நம்ம கண்ணை ஏமாத்திடும். பிரான்ஸ்ல கோப்லான் நெசவுக்கூடத்துல சாயப் பிரிவைப் பாத்துக்கிட்டவர் செவ்ரல். கருப்பு நூல் சரியா கருப்பா இல்லன்னு அவர்கிட்ட புகார் வந்திருக்கு. ஆராய்ஞ்சு பாத்தா சாயத்துல குறையில்ல, பக்கத்துல ஓடுற நூலோட கலர்தான் காரணம். 1839-லயே இதை விளக்கிப் பெரிய புத்தகமே போட்டுட்டார். எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது!

அதான் சுவரைத் தொடாம, பெரிய அட்டையில ரெண்டு கோட் அடிச்சு, நல்லா காயவிட்டு, சுத்தி வெள்ளை ஓரம் விட்டேன். அட்டையைப் படுக்கப்போட்டுப் பாக்காதீங்க, சுவர் மாதிரியே நிமிர்த்தி வைங்க. இன்னொண்ணு, அட்டையை இப்படி நடுவுல மடிச்சு மூலை மாதிரி ஆக்குங்க. இந்த உள்மடிப்புல பாருங்க, கலர் எவ்வளவு அழுத்தமா தெரியுது! ஒரு பக்கத்து நிறம் இன்னொரு பக்கத்துல பட்டுத் திரும்புது. நாலு சுவரும் அடிச்ச பிறகு ரூம் முழுக்க நடக்கப்போறது இதுதான்.

காலையில ஜன்னல் பக்கம் வச்சப்போ ரோஸ் அட்டைதான் அழகா இருந்துச்சு, கிட்டத்தட்ட முடிவே பண்ணிட்டேன். ராத்திரி மஞ்சள் வெளிச்சம் தர்ற 2700 கெல்வின் பல்பைப் போட்டதும் அது அப்படியே தோல் நிறமா மாறிடுச்சு. எனக்கு மனசே ஒப்பல. பச்சைச் சாயல் அட்டை அதே பல்புக்குக் கீழ சாந்தமா, இதமா இருந்துச்சு. பகல்ல கொஞ்சம் மங்கல்தான், ஒத்துக்கறேன். ஆனா நாங்க எல்லாரும் ஹால்ல சேர்ந்து உக்கார்றது ராத்திரிலதான். உங்க வீட்ல 6500 கெல்வின் வெள்ளை லைட்டுன்னா உங்க முடிவு நேர்மாறா வரலாம், அதனால உங்க பல்புக்குக் கீழயே வச்சுப் பாருங்க.

எனக்கு வலது பக்கத்து அட்டைதான். சீலிங்குக்கு எந்த வெள்ளைன்னு இன்னும் பாக்கல, அதுக்கு ரெண்டு அட்டை உள்ள காஞ்சுட்டு இருக்கு.