ஊருக்கும் ஒரு ஒத்து உண்டு

ஒரு பத்து செகண்ட் நான் பேசமாட்டேன். பின்னாடி என்ன கேக்குதுன்னு மட்டும் கவனிங்க.

கேட்டுச்சா? நீடாமங்கலம் பக்கத்துல மூணாறு தலைப்பு இது. வெண்ணாத்துலேருந்து கோரையாறும் பாமணியாறும் பிரியிற எடம். ஷட்டருக்கு அடியில தண்ணி பீச்சிக்கிட்டுப் போற இரைச்சல் அது. எங்க ஊருக்குப் போனா இந்த இரைச்சல் இருக்காது. இதே தண்ணி அங்க வாய்க்கால்ல, மதகுல சளசளன்னு விழுந்துட்டுப் போயிடும்.

போன வருஷம் எங்க ஊர் ராத்திரியப் பத்தி ஒரு வீடியோ போட்டேன். அன்னைக்கு எடுத்த ஆடியோ பூரா காத்து அடிச்சுப் போச்சு. நெட்ல இலவசமா கெடச்ச தவளைச் சத்தத்த எடுத்து வெச்சுட்டேன். எங்க அப்பா பாத்துட்டு, "இது எந்த ஊருத் தவளடா?"ன்னு கேட்டாரு. சுருக்குன்னுச்சு எனக்கு. தேடிப் பாத்தா, அந்த "ரிபிட் ரிபிட்" சத்தம் அமெரிக்காவோட மேற்குக் கரையில இருக்கிற பசிபிக் மரத்தவளையோடது. ஹாலிவுட்டும் அந்தப் பக்கம்தானே, அவங்க படத்துல எந்த நாட்டுக் காட்டக் காட்டுனாலும் அந்தத் தவளைதான் கத்தியிருக்கு. நம்ம ஐப்பசி மழை விட்ட ராத்திரியில கத்துறது வேற. ஆண் தவளை மஞ்சமஞ்சேர்னு இருக்கும், தொண்டைக்கு ரெண்டு பக்கமும் நீலமா பை உப்பும். அடித்தொண்டையிலேருந்து, எருமைக்கன்னு முனகுற மாதிரி வரும். அப்பாவுக்கு அறுவது வருஷமா காதுல இருக்கிற சத்தம் அது. அவரு ஏமாறுவாரா?

நாயனக் கோஷ்டியில அந்தக் காலத்துல ஒத்துன்னு ஒருத்தர் நிப்பாரு. பாக்க நாயனம் மாதிரியே இருக்கும், ஆனா ராகம் கெடையாது, ஒரே சுருதி, விடாம ஊதணும். சனம் அவரத் திரும்பிக்கூட பாக்காது. அவரு நிறுத்திட்டா மட்டும் நாயனம் அந்தரத்துல தொங்கும். இப்ப அந்த எடத்துக்குச் சுருதிப்பெட்டி வந்துடுச்சு. ஊருக்கும் அப்படி ஒரு ஒத்து இருக்குங்கிறதுதான் நான் கத்துக்கிட்டது. டெல்டான்னு சொன்னதும் வீடியோவுல எல்லாரும் கோயில் மணிச் சத்தத்தத்தான் வெக்கிறோம். மணி எந்த ஊர்லயும் அடிக்கும்ங்க. அது அடிச்சு ஓஞ்சப்புறம் கீழ என்ன கேக்குதோ, அதுலதான் ஊர் இருக்கு.

எங்க ஊரு ஒத்து தண்ணிதான். மேட்டூர வழக்கமா ஜூன் 12-ந் தேதி தொறப்பாங்க. கல்லணை வந்து, ஆறு நெறஞ்சு, எங்க கடைமடைக்கு வரக் கொஞ்ச நாளாவும். மொதத் தண்ணி வெடிச்ச வயல்ல ஏறும்போது மைக்க தரையோட தரையா வெச்சுப் பாருங்க. வெடிப்புக்குள்ள இருக்கிற காத்து வெளிய வரும், புளுக்கு புளுக்குன்னு, நடுவுல உஸ்ஸுன்னு ஒரு பெருமூச்சு. அத ஹெட்போன்ல கேட்டு நான் அழுதேன், நெசமா. ஜனவரி 28 வாக்குல மேட்டூர மூடிட்டா, அப்புறம் போர்செட்டும் காஞ்ச பனையோலையும்தான்.

இன்னொண்ணு, தூரம். மார்கழி விடியக்காலையில நீடாமங்கலத்து ரயில் ஹாரன் எங்க வீட்டுத் திண்ணை வரைக்கும் வரும். சித்திரை மத்தியானத்துல அதே ரயில்தான், கேக்காது. பனிக்கு தரையொட்டி இருக்கிற காத்து குளுந்துடுது, அதுக்கு மேல உள்ளது கொஞ்சம் வெதுவெதுன்னு இருக்கு. அதனால சத்தம் மேல போவாம வளைஞ்சு கீழயே வருது. வெயில் நேரத்துல இது தலைகீழ். அதனால ரேடியோ செட்டுல போடுற திருப்பாவைய கோயில் வாசல்ல நின்னு எடுக்காதீங்க. ரெண்டு வயல் தள்ளி வந்து எடுங்க. கூர்மை மழுங்கி, காத்துல அலைஞ்சு வரும் பாருங்க, அதுல வயலோட அகலமே தெரியும்.

மைக்குக்கு மேல புசுபுசுன்னு ரோம உறை கட்டாயம் போடுங்க, நம்ம வெளியில காத்துக்குத் தடுப்பே இல்ல. லோ கட்ட, அதாவது அடியில உறுமுற சத்தத்த வெட்டுற செட்டிங்க, 80 ஹெர்ட்ஸ்ல வைங்க. மூணு நிமிஷமாவது அசையாம நில்லுங்க, நம்ம காலடி கேட்டுத்தான் தவளை வாய மூடும்.

முந்தாநாள் மழை விட்டப்புறம் எங்க மேலக்காட்டு வரப்புல நின்னு எடுத்ததப் போடப்போறேன். அப்பாகிட்ட படத்தக் காட்டாம கேக்கவிட்டேன். "மதகுல பலகை ஒண்ணு கழண்டிருக்கு போல"ன்னாரு. காலையில போய்ப் பாத்தேன், கழண்டுதான் இருந்துச்சு.

ஹெட்போன் மாட்டிக்குங்க. இனிமே நான் பேசல.