ஹாட் டிஸ்க் பழுதாப் போச்சோ? முதல்ல கறண்டைக் கழற்றுங்கோ

[திரையில்: மேசையில் மூடி கழற்றிய பழைய ஹாட் டிஸ்க். தட்டு வெளிச்சத்தில் மின்னுகிறது.]

வணக்கம். இது காட்டுறதுக்காகத் திறந்து வைச்ச, ஒண்டுக்கும் உதவாத டிஸ்க். உங்கட டிஸ்க்கை வீட்டில இப்பிடித் திறக்கக் கூடாது. ஏன் எண்டு இப்ப விளங்கும்.

இந்தத் தட்டு லப்டொப்பில நிமிசத்துக்கு 5400 தரம் சுத்தும். மேசைக் கொம்பியூட்டரில பெரும்பாலும் 7200. அந்த வேகத்தில பெரிய டிஸ்க்கின்ர தட்டோரம் மணிக்கு 120 கிலோமீற்றருக்கு மேல ஓடுது. தட்டுக்கு மேல நீட்டி நிக்கிற சின்னக் கையின்ர நுனியில, ஹெட் எண்ட வாசிக்கிற முனை இருக்கு. அது தட்டில முட்டாமல், சில நனோமீற்றர் உயரத்தில நிண்டு வாசிக்குது. ஒரு தலைமயிரின்ர தடிப்பே 80,000 நனோமீற்றர் அளவில வரும். அந்த இடைவெளிக்குள்ள ஒரு தூசு போனாக் காணும்.

[திரையில்: தட்டில் வட்டமாக விழுந்த கீறல், மிக அருகில்.]

இந்தக் கீறலைப் பாருங்கோ. ஹெட் முட்டி, காந்தப் பூச்சைச் சுறண்டியிருக்கு. சுறண்டின தூள் உள்ளுக்கையே பறந்து, மற்ற இடங்களையும் கீறியிருக்கு. பூச்சுப் போன இடத்தில இருந்த படத்தை எந்த லாப்பாலயும் எடுக்கேலாது. அதால தான் சொல்லுறன்: பழுதான டிஸ்க்குக்கு கறண்ட் குடுக்கிற ஒவ்வொரு நிமிசமும் உங்கட படங்களில இருந்து தான் கழியுது.

எங்கட ஊரில இதின்ர பாரம் வேற. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில அல்பத்தை விட்டிட்டு ஓடின வீடுகள் கனக்க. பிறகு கனடாவில, லண்டனில இருக்கிற சொந்தக்காரர் தங்களிட்டக் கிடந்த பழைய படங்களை ஸ்கான் பண்ணி அனுப்ப, அது முழுக்க ஒரேயொரு எக்ஸ்டேர்னல் டிஸ்க்கில கிடக்கும். டிஸ்க் திருத்துற கடைக்கு வாறவை எப்பிடிக் கதைப்பினம் தெரியுமோ?

"தம்பி, இதில அப்பான்ர படம் எல்லாம் கிடக்கு. நேற்று முழுக்கப் போட்டுப் போட்டுப் பாத்தனான். இன்னொருக்காப் போட்டுப் பாப்பமோ?"

"வேண்டாம் அக்கா. இனி ஒருக்காலும் போடாதேங்கோ. எப்பிடிச் சத்தம் கேட்டது எண்டு மட்டும் சொல்லுங்கோ."

அந்தத் தம்பி கேட்டது தான் சரியான கேள்வி. சத்தம் பாதி விசயத்தைச் சொல்லிப்போடும்.

[ஒலி: டிக்… டிக்… டிக்…]

இது ஹெட் வழி தெரியாமல் தடுமாறுற சத்தம். தட்டில எழுதியிருக்கிற குறிகளை வாசிக்க முடியாமல், திரும்பத் திரும்ப ஓரத்துக்குப் போய் வருகுது. உடனே கழற்றுங்கோ. எந்த சொஃப்ட்வெயரும் இதுக்கு உதவாது.

[ஒலி: மெல்லிய பீப்… பீப்…]

இது மோட்டர் சுத்தப் பாத்து ஏலாமல் முனகிறது. கீழ விழுந்த சின்ன டிஸ்க்குகளில கூடுதலாக் கேக்கும். ஹெட் தட்டில ஒட்டிப்போயிருக்கலாம். தட்டிப் பாக்கிறது, குலுக்கிறது, ஃபிரிட்ஜுக்குள்ள வைக்கிறது, ஒண்டும் வேண்டாம். குளிரில இருந்து வெளிய எடுத்தா எங்கட காத்தில இருக்கிற ஈரம் முழுக்கத் தட்டில தான் படியும்.

ஒரு சத்தமும் இல்லையோ? பயப்பிடாதேங்கோ, கனக்க நேரம் இது தான் நல்ல சகுனம். பழுது வெளிய இருக்கிற பச்சைப் போர்டில மட்டும் இருக்கலாம். மேசையில வைக்கிற பெரிய எக்ஸ்டேர்னல் டிஸ்க் 12 வோல்ட்டில ஓடுறது. லப்டொப் சார்ஜர் 19 வோல்ட்டுக்குக் கிட்ட. முனை பொருந்துது எண்டு அவசரத்தில மாறிக் குத்துறவை இருக்கினம். அப்ப போர்டில ஒரு சின்ன டயோட் தான் செத்து மற்றதைக் காப்பாத்தும். சோல்டரிங் தெரிஞ்ச ஆள் அதைப் பாத்துச் சரி பண்ணலாம். அதே மொடலில வேற போர்ட் வாங்கிப் பூட்டினாக் காணும் எண்டு நினைக்காதேங்கோ. பல போர்டுகளில எட்டுக் கால் சிப் ஒண்டு இருக்கு. அந்த டிஸ்க்குக்கு மட்டும் உரிய அளவுகள் அதுக்குள்ள. பழைய சிப்பைக் கழற்றிப் புதுப் போர்டில ஒட்டினாத் தான் டிஸ்க் எழும்பும்.

[திரையில்: விண்டோஸ் பெட்டி, 'ஃபோர்மட் செய்யவா?' என்று கேட்கிறது.]

இனி, சத்தம் சாதாரணம், ஆனா கொம்பியூட்டர் இறுகி நிக்குது, அல்லது இப்பிடி ஃபோர்மட் கேக்குது. 'ஓம்' எண்டு அமத்தாதேங்கோ. டிஸ்க்கில பிழை பாத்துத் திருத்துற விண்டோஸின்ர செக்டிஸ்க்கையும் ஓட விடாதேங்கோ. அது ஃபைல் முறையை ஒழுங்காக்கத் தான் பாக்கும், உங்கட படத்தைப் பற்றி அதுக்குக் கவலையில்ல. சாகக் கிடக்கிற டிஸ்க்கில அது எழுதவும் செய்யும்.

முதல்ல செய்யவேண்டியது, வேறொரு வெறும் டிஸ்க்குக்கு முழுப் பிரதி எடுக்கிறது. படங்களை மீட்கிற வேலை அந்தப் பிரதியில. லினக்ஸில ஓடுற டிடிரெஸ்கியூ எண்ட இலவச மென்பொருள் இதுக்காகவே எழுதினது. சாதாரணமா நாங்கள் கொப்பி பண்ணேக்க, ஒரு பழுதான இடத்தில மாட்டுப்பட்டு அதையே இடிச்சுக் கொண்டு நிக்கும். டிடிரெஸ்கியூ அப்பிடியில்ல. இலகுவா வாசிக்கக் கூடியதை எல்லாம் முதல்ல அள்ளும். கஷ்டமான இடத்தைத் தாண்டிப் போய், கடைசியில தான் அங்க திரும்பி வரும். எது எடுத்தாச்சு, எது மிச்சம் எண்டு ஒரு மப் ஃபைலில குறிச்சுக் கொண்டே போகும். இடையில கறண்ட் போனாலும் விட்ட இடத்தில இருந்து தொடங்கலாம். 2022 இல மணித்தியாலக் கணக்கில கறண்ட் வெட்டுக்குள்ள வேலை செய்த ஆக்களுக்கு இதின்ர அருமை தெரியும்.

ஒரு இடத்தில மட்டும் கை நடுங்கவேணும். எது பழுதான டிஸ்க், எது வெறும் டிஸ்க் எண்டு மாறிக் குடுத்தா, வெறுமையைக் கொண்டுபோய் படங்களுக்கு மேல எழுதிப்போடும். டிஸ்க்கின்ர சீரியல் இலக்கத்தை ஒரு கடதாசியில எழுதி வைச்சு, திரையில வாறதோட ஒப்பிட்டுப் பாத்த பிறகு தான் என்டர் அமத்துங்கோ.

பிரதி கிடைச்சா, அதில இருந்து ஃபைலுகளை மீட்க டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் எண்டு ரெண்டு மென்பொருள் இருக்கு, ரெண்டும் இலவசம். ஃபோட்டோரெக் ஃபைலின்ர பேரைப் பாக்காது. ஜேபெக் படம் ஒவ்வொண்டும் ஒரே மாதிரியான பைட்டுகளோட தொடங்கும், அதைத் தேடிப் பிடிக்கும். பேர் போயிடும், படம் வரும். கலியாண வீடியோ மாதிரிப் பெரிய ஃபைலுகள் துண்டு துண்டாச் சிதறிக் கிடந்தா முறிஞ்சு தான் வரும். ஸ்டூடியோக்காரர் இதைக் கவனிக்கவேணும்: மாப்பிள்ளை பொம்பிளை வெளிநாட்டுக்குப் போன பிறகு அந்தத் தாலிகட்டைத் திரும்ப எடுக்க வழியில்ல.

தவறுதலா அழிச்ச ஃபைலுக்கும் இதே முறை தான், ஆனா சுத்துற தட்டில்லாமல் சிப்பில சேமிக்கிற எஸ்எஸ்டி எண்டா நம்பிக்கை குறைவு. டிறிம் எண்ட வசதி, அழிச்ச இடங்களைத் தானே வெறுமையாக்கிப் போடும்.

டிக் சத்தம், பீப் சத்தம் எண்டா திறந்து, ஒத்த மொடலில இருந்து ஹெட் எடுத்து மாத்தவேண்டி வரலாம். அதுக்குத் தூசில்லாத அறை வேணும். கொழும்பில செய்யிறவை இருக்கினம். பஸ்ஸில கொண்டு போறதெண்டா டிக்கியில போடாதேங்கோ. பஞ்சு சுத்தி மடியில வைச்சுக் கொண்டு போங்கோ. குடுக்க முந்தி, மீட்ட ஃபைலுகளின்ர பட்டியலைக் காட்டினாப் பிறகு தான் காசோ, படம் வராட்டியும் காசோ எண்டு கேட்டு எழுதி வாங்குங்கோ.

திரும்பக் கிடைச்ச படங்களை ஒண்டொண்டாத் திறந்து பாருங்கோ. சிலது சின்னப் படமா வடிவாத் தெரியும், பெருசாக்கினாப் பாதி சாம்பல் நிறமா இருக்கும். முழுதும் பாத்து முடியிறவரைக்கும் பழைய டிஸ்க்கை எறியாதேங்கோ.