கடற்கரை இல்லாத நாடுகளும் பசுமை ஹைட்ரஜனும்

நேயர்களுக்கு வணக்கம்.

காற்று, வெயில், ஆற்றுநீர் ஆகியவற்றிலிருந்து பெறும் மின்சாரத்தைச் செலுத்தி நீரைப் பிரித்து எடுக்கும் ஹைட்ரஜனையே பசுமை ஹைட்ரஜன் என்கிறோம். கடற்கரையே இல்லாத சில நாடுகளும் இதில் பெரும் நம்பிக்கை வைத்திருக்கும் இவ்வேளையில், ஜிம்பாப்வேயின் குவேக்குவே நகரில் நடந்ததை முதலில் சொல்ல விரும்புகிறேன். பசுமை என்ற அடைமொழி வழக்கில் வராத 1970களிலேயே, ஜாம்பெசி ஆற்றின் கரிபா அணையில் உபரியாக இருந்த மின்சாரத்தை நம்பி அங்கே ஹைட்ரஜன் ஆலை நிறுவப்பட்டது; அந்த ஹைட்ரஜனிலிருந்து அம்மோனியாவும், அதிலிருந்து மக்காச்சோள வயல்களுக்கான அம்மோனியம் நைட்ரேட் உரமும் தயாராயின. ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க ஏறத்தாழ 50 யூனிட் மின்சாரம் வேண்டும். உபரி இருந்தவரை அது சுமையாகத் தெரியவில்லை. நாட்டின் தேவை பெருகி, கரிபாவின் நீர்மட்டமும் இறங்கி, வீடுகளிலேயே மின்வெட்டு நீடித்த 2015இல் அந்த ஆலை நிறுத்தப்பட்டது. அதன்பின் உரத்துக்கான அம்மோனியாவைத் தென்னாப்பிரிக்காவிலிருந்து ரயிலில் தருவிக்க வேண்டியதாயிற்று.

உள்நாட்டு வயலுக்கென்று எடுத்த ஹைட்ரஜனுக்கே இந்த நிலை என்றால், ஏற்றுமதியை நம்பித் தீட்டும் திட்டங்கள் எனக்கு மிகுந்த கவலை தருகின்றன. கஜகஸ்தானின் மங்கிஸ்தாவ் பகுதியில் ஆண்டுக்கு 20 லட்சம் டன் ஹைட்ரஜன் தயாரிக்க 2022இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. தண்ணீர், கடல் என்று பெயர் பெற்றாலும் நிலம் சூழ்ந்த ஏரியான காஸ்பியன் கடலிலிருந்து உப்பு நீக்கி எடுப்பதாகத் திட்டம். ஆலை குடித்துக் கடல் வற்றிவிடாது. ஆனால் 1990களின் நடுவிலிருந்து அந்தக் கடல் தானே இறங்கி வருவதால், கரை பின்வாங்கும்போது நீரெடுக்கும் குழாய்கள் தரையில் நின்றுவிடும் என்பதே மெய்யான அபாயம். அருகிலுள்ள அக்தாவ் நகரமும் இதே கடல்நீரைச் சுத்திகரித்தே குடிக்கிறது.

காஸ்பியனிலிருந்து பெருங்கடலுக்கு இயற்கையான வழி கிடையாது. ஹைட்ரஜனைத் திரவமாக்க மைனஸ் 253 டிகிரி வரை குளிர்விக்க வேண்டும்; அம்மோனியாவாக மாற்றினால் மைனஸ் 33 டிகிரி போதும், ஆனால் அது நச்சு வாயு. எதுவாக அனுப்பினாலும் குழாயோ ரயிலோ அண்டை நாட்டைக் கடந்தே துறைமுகம் சேர வேண்டும். அந்த நாடு கட்டணத்தை உயர்த்தினாலோ வழியை அடைத்தாலோ, உற்பத்தி செய்யும் நாட்டுக்கு வேறு வாயில் இல்லை. ஆகவே வறட்சி ஆண்டில் மின்சாரமும் நீரும் முதலில் யாருக்கு, வாங்குபவர் பின்வாங்கினால் கடன் யாருடையது என்ற இரண்டும் ஆலைக்கு அடிக்கல் நாட்டும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும்.

நன்றி, வணக்கம்.