100 கிராம் மெழுகு எரிந்தால் 130 கிராம் தண்ணீர்! மெழுகுவர்த்தியும் மத்தாப்பும் எரியும்போது நடப்பது என்ன?

வணக்கம் நண்பர்களே. மேசைமீது நிற்கும் இந்த மெழுகுவர்த்தியின் எடை 100 கிராம். இது அடிவரை எரிந்து முடிந்தால் எவ்வளவு தண்ணீர் உண்டாகும் என்று கேட்டால், நெருப்பிலிருந்து தண்ணீர் எப்படி வரும் என்று நீங்கள் என்னையே திருப்பிக் கேட்கலாம். விடை 130 கிராமுக்கும் சற்று அதிகம். எரிந்த மெழுகைவிடக் கூடுதலான எடையில், ஒரு தேநீர்க் குவளை நிறையும் அளவுக்குத் தண்ணீர்! அது எங்கிருந்து வந்தது, ஏன் நம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதுதான் இந்தக் காணொளி.

வரையறையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பொருள் அதே பொருளாக இருந்து, வடிவமோ நிலையோ மட்டும் மாறினால் அது இயற்பியல் மாற்றம். புதிய பொருள் உண்டானால் அது வேதியியல் மாற்றம். மார்கழிக் காலையில் குப்பிக்குள் உறைந்து கிடக்கும் தேங்காய் எண்ணெய் வெயிலில் உருகுவது முதல் வகை. அதே எண்ணெய் குத்துவிளக்கில் எரிந்து தீர்வது இரண்டாம் வகை.

(காட்சி: கடற்கரை ஊரின் கல்லறைத் தோட்டம், மாலை நேரம், வரிசையாக மெழுகுவர்த்திகள்)

கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு நவம்பர் 2 ஆம் நாளின் மாலையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கல்லறைத் திருநாளன்று ஒவ்வொரு கல்லறையிலும் மெழுகுவர்த்திகள் எரியும். கடற்காற்றில் சுடர் ஒருபக்கமாகச் சாய, மெழுகு மறுபேச்சின்றி அந்தப் பக்கமே வழிந்து சிமெண்டின் மேல் உறைந்துவிடும். சிறுவயதில் நாங்கள் மறுநாள் காலையிலேயே போய் அந்த மெழுகைச் சுரண்டி, உள்ளங்கையில் உருட்டிப் பந்தாக்கி, நடுவில் நூலைச் செருகி மறுபடியும் எரிப்போம். வழிந்த மெழுகு மெழுகாகவே இருந்ததால்தான் அது முடிந்தது. ஆனால் எத்தனை கல்லறைகளைச் சுற்றி வந்து சுரண்டினாலும், முந்தைய நாள் ஏற்றிய அளவுக்கு மெழுகு ஒருபோதும் கிடைத்ததில்லை. சுரண்ட முடிந்தது உருகிய மெழுகு. காணாமற்போனது எரிந்த மெழுகு. ஒரே மெழுகுவர்த்தியில் இரண்டு மாற்றங்களும் அடுத்தடுத்து நடக்கின்றன என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியாது.

மெழுகு ஏறத்தாழ 60 டிகிரி செல்சியசில் உருகி, திரியின் நூலிழைகளுக்கு இடையே மேலேறி, சுடரின் வெப்பத்தில் ஆவியாகிறது. இதுவரை எல்லாமே இயற்பியல் மாற்றம். எரிவது அந்த ஆவிதான். திடமான மெழுகோ உருகிய மெழுகோ அல்ல. நம்பிக்கை வரவில்லை என்றால் மெழுகுவர்த்தியை ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளை நூல்போல ஒரு புகை எழும். அந்தப் புகைக்குள், திரிக்கு இரண்டு விரற்கடை மேலே, எரியும் தீக்குச்சியைக் காட்டுங்கள். திரியைத் தொடாமலேயே நெருப்பு புகைவழியாகக் கீழே பாய்ந்து திரியில் அமர்ந்துகொள்ளும். ஆவியாகி, காற்றில் குளிர்ந்து நுண்துகள்களான மெழுகுதான் அந்த வெள்ளைப் புகை. பள்ளி அறிவியலிலேயே மிக அழகான சோதனை இதுதான் என்பது என் உறுதியான கருத்து. பிள்ளைகள் செய்யும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

இனி தண்ணீருக்கு வருவோம். மெழுகு என்பது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ரோகார்பன். எரியும்போது அந்த ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிறது. கார்பன், கார்பன் டை ஆக்சைடாகிறது. 100 கிராம் மெழுகு முழுமையாக எரிய ஏறத்தாழ 345 கிராம் ஆக்சிஜன் தேவை. வெளியேறும் நீரும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து 445 கிராம் ஆகிவிடும். கூடுதல் எடை முழுவதும் காற்றிலிருந்து வந்தது. நீர், ஆவியாகக் காற்றோடு கலந்துவிடுவதால் நாம் அதைப் பார்ப்பதில்லை.

1860 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்கு உரையாற்றிய மைக்கேல் ஃபாரடே, பனிக்கட்டியும் உப்பும் நிரப்பிய பாத்திரத்தைச் சுடருக்கு மேலே வைத்து, அதன் அடியில் தொங்கிய நீர்த்துளியை அவர்களுக்குக் காட்டினார். அது நீர்தான் என்று மெய்ப்பிக்க, நீர் பட்டதும் ஊதா நிறச் சுடரோடு எரியும் பொட்டாசியத்தை அதன்மேல் இட்டார். நாம் இதை வீட்டில் செய்யும்போது ஒரு திருத்தம் தேவை. நம் கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் அதிகம். பனிக்கட்டி போட்ட டம்ளர், மெழுகுவர்த்தி இல்லாமலேயே வியர்த்துவிடும். ஆகவே நன்றாகத் துடைத்த, குளிரூட்டாத கண்ணாடி டம்ளரைச் சுடருக்கு மேலே சில நொடிகள் கவிழ்த்துப் பிடியுங்கள். டம்ளரின் உட்புறத்தில் மெல்லிய மூட்டம் படரும். அது அந்த மெழுகிலிருந்து அப்போதுதான் பிறந்த தண்ணீர்.

(காட்சி: மழை ஓய்ந்த முற்றம், கம்பி மத்தாப்பு)

பட்டாசுக்கும் மெழுகுவர்த்திக்கும் அடிப்படையில் ஒரே வேறுபாடுதான். மெழுகுவர்த்தி ஆக்சிஜனுக்குக் காற்றை நம்பியிருக்கிறது. பட்டாசு தனக்கு வேண்டியதைக் கட்டுச்சோறுபோலத் தன்னுடனேயே வைத்திருக்கிறது. வெடிமருந்தில் வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட் அந்த வேலையைச் செய்கிறது. கரியும் கந்தகமும் எரிபொருள். காற்றுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதால்தான், மெழுகுவர்த்தி மணிக்கணக்கில் செய்வதைப் பட்டாசு கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிடுகிறது.

ஐப்பசி மழையில் நமுத்துப்போன மத்தாப்பு, மீண்டும் பற்றும்படி வெயிலில் காய்வது இயற்பியல் மாற்றம். பற்றிய பிறகு இரும்புத் தூள் பொறிகளாகச் சிதறி இரும்பு ஆக்சைடாவது வேதியியல் மாற்றம். அந்தத் தூளை எத்தனை வெயிலில் வைத்தாலும் பழைய இரும்பு திரும்பாது. ஆணி எரியாமல் தூள் மட்டும் எரிவதற்குக் காரணம், தூளில் காற்றுபடும் பரப்பு பலமடங்கு அதிகம் என்பதே.

நிறங்களின் கதை எனக்கு இன்னும் பிடித்தது. உப்புப் போட்ட கஞ்சி பொங்கி அடுப்பில் வழியும்போது கேஸ் அடுப்பின் நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பிலுள்ள சோடியம் வெப்பத்தை வாங்கி மஞ்சள் ஒளியாகத் திருப்பித் தருகிறது. ஒளியைத் தந்த பிறகும் அது சோடியமாகவே இருக்கிறது. திருவிழா வாணவேடிக்கையில் சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்குப் பேரியம், நீலத்துக்குத் தாமிரம் என்று இதே முறையில்தான் நிறங்கள் உண்டாகின்றன. பேரியம் உப்புகளைப் பட்டாசில் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் 2018 இல் தடை விதித்தது.

இவற்றுள் நீலமே மிகக் கடினமானது. நீல ஒளியைத் தரும் தாமிரச் சேர்மம், சுடரின் வெப்பம் கூடினால் சிதைந்துவிடும். வெப்பம் குறைந்தாலோ ஒளி மங்கிவிடும். அந்தக் குறுகிய இடைவெளியில் நிற்கும்படி மருந்தைக் கலப்பது கைதேர்ந்தவர்களுக்கே கடினம். அடுத்த முறை கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கோ உங்கள் ஊர்க் கோவில் கொடைக்கோ போகும்போது, வானில் வாணம் விரிந்தால் தெளிந்த நீலம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கண்டால் எந்த ஊரில் கண்டீர்கள் என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.