மரத்தின் பெயர் தெரிந்தவனுக்கு மலையில் வேலை

நடுவர் அவர்களே, எதிரணியில் பேசி அமர்ந்த அம்மா அவர்களே, சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

‘சேர்வராயன் மலை நம் இளைஞர்கள் கையில் பத்திரமாக இருக்கப் பெரிதும் துணை நிற்பது சூழல் கல்வியா, பசுமை வேலையா?’ இதுதான் தலைப்பு. பசுமை வேலை என்றால் இயற்கையைக் காப்பதற்கே சம்பளம் வாங்கும் வேலை. அந்த வேலைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

சூழல் பாடத்தைக் கட்டாயமாக்க வேண்டும் என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, பாடம் படித்த பிள்ளை மரத்தில் கோடாலி வைக்க மாட்டான் என்று எதிரணி அம்மா பேசினார்கள். சரி, வைக்க மாட்டான். ஆனால் அந்தப் பிள்ளை இன்றைக்கு மலையில் இருக்கிறானா? அதுதான் என் கேள்வி.

என் சின்னம்மா பையனைச் சொல்கிறேன். பள்ளியில் சூழல் பாடம் படித்தவன். அதற்கு முன்பே தாத்தாவோடு நடந்து நடந்து, காட்டெருமை எந்தத் தடத்தில் இறங்கும், எந்த ஊற்று சித்திரையிலும் வற்றாது என்று கற்றுக்கொண்டவன். இன்று திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் நிற்கிறான். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வருவான், இரண்டு நாள் இருப்பான், போய்விடுவான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அவனோடு பஸ் ஏறிப் போய்விடுகிறது. அவனுக்குப் பாடத்தில் குறை இல்லை, நடுவர் அவர்களே. அந்த அறிவுக்குச் சம்பளம் கொடுக்க இங்கே ஆள் இல்லை.

மலையில் வேலை எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். காப்பித் தோட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் இங்கே வந்த காப்பி, இன்றும் மர நிழலில்தான் வளர்கிறது. அராபிக்கா செடிக்குப் பெரிய எதிரி தண்டுத் துளைப்பான் வண்டு. வெயில் படும் தண்டைத் தேடித்தான் அது முட்டையிடும். நிழலைச் சரியாக வைத்தால் வண்டு குறையும், மருந்துச் செலவும் குறையும். நிழல் மிஞ்சிப்போனாலோ காய்ப்பு குறைந்துவிடும். ஆகவே எந்தக் கிளையைக் கழிப்பது, எதை விடுவது, சில்வர் ஓக்கையே வரிசையாக நடாமல் நம் காட்டு மரங்களையும் இடையில் எப்படிச் சேர்ப்பது என்று பார்க்கத் தெரிந்த கண் வேண்டும். எங்கள் பக்கம் இந்த வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் என் அப்பா வயதுக்காரர்கள். அவர்களுக்குக் கிடைப்பது அன்றாடக் கூலி. இதை ஒரு தொழிலாக மதித்து மாதச் சம்பளம் வைத்துப் பாருங்கள், பையன்கள் வருகிறார்களா இல்லையா என்று.

அப்புறம் இன்னொன்று. 2002-ல் வந்த பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஊருக்கு ஊர் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். ஊரில் என்ன செடி, என்ன பறவை, எதை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கு அது. வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்று ஒரு சிறு மரம் உண்டு. நம் மலையின் பெயரையே சுமக்கிற, அழியும் நிலையில் உள்ள மரம். எத்தனை நிற்கிறது, எங்கே நிற்கிறது, இந்த வருடம் விதை பிடித்ததா என்று வருடம் தவறாமல் போய்ப் பார்க்க யார் இருக்கிறார்கள்? ஏற்காட்டிலேயே இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. கற்றுக்கொடுக்க அறிஞர்கள் பக்கத்தில், காடு தெரிந்த பிள்ளைகள் திருப்பூரில்!

அடிவாரத்துக்கு இறங்கினாலும் இதே கதைதான். குச்சிக்கிழங்கை அரைத்து ஜவ்வரிசி எடுக்கும் ஆலைகளின் கழிவுநீர் நாற்றத்தை இந்த ஊரில் அறியாதவர் இல்லை. அதே கழிவுநீரைக் காற்றுப் புகாத தொட்டியில் புளிக்கவிட்டால் எரிவாயு வருகிறது, ஆலையே அதை எரிக்கலாம். பல ஆலைகள் செய்தும் வருகின்றன. ஆனால் தொட்டியில் புளிப்பு, அதாவது அமிலம், அளவுக்கு மேல் ஏறினால் வாயு நின்றுபோகும். தினமும் சோதித்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். ஐ.டி.ஐ. முடித்த பெண்ணோ பையனோ ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம்.

எதிரணி அம்மா கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்கள். இந்த மலையில் அலுமினியத்துக்காகப் பாக்சைட் வெட்டியபோதும் வேலை என்றுதானே சொன்னார்கள், மலை மிஞ்சியதா என்றார்கள். நல்ல கேள்வி, எனக்கும் வலித்தது. அங்கே மலை குறையக் குறையத்தான் கூலி வந்தது. நான் கேட்கும் வேலையில் மலை இருந்தால்தான் சம்பளம். ஊற்று வற்றினால், மரம் பட்டால் அந்தப் பையனுக்கே பிழைப்பு போகும். அவனைவிடக் கவனமாக அதை யார் பார்த்துக்கொள்வார்கள்?

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். 2017-ல் மத்திய அரசு தொடங்கிய பசுமைத் திறன் பயிற்சியில் செடி இனம் காண்பதற்குக்கூடச் சான்றிதழ் உண்டு. அந்தச் சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்த்து, ‘நாளையிலிருந்து வா’ என்று சொல்ல ஊருக்கு ஒரு இடம் வேண்டும். மலைக் கிராமம் ஒவ்வொன்றிலும் பதிவேடு எழுத இரண்டு பேர், நாற்றங்கால் பார்க்க இரண்டு பேர், மாதச் சம்பளத்தில். அடுத்த மே மாதம் திருவிழா முடிந்ததும் என் தம்பி பஸ் ஏறாமல் இருக்க அது போதும். நன்றி, வணக்கம்.