பிக்கப்பின் பாடியைக் கெடுக்காத ஃபிஃப்த் வீல் ஹிட்ச் எது?

(காட்சி: கிழக்குக் கடற்கரைச் சாலை, கீழக்கரை அருகே. டிரெய்லரைக் கழற்றிவிட்டு நிற்கும் கன்டெய்னர் லாரியின் முன்வண்டி.)

குரல்: இந்த வண்டியின் முதுகில் கிரீஸ் பூசிய இரும்புத் தட்டு தெரிகிறதா? அதுதான் ஃபிஃப்த் வீல். டிரெய்லரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு முளையான கிங்பின் இதற்குள் நுழைந்து பூட்டிக்கொள்ளும். நம் சாலையில் இது தூத்துக்குடி துறைமுகத்துக்குச் சரக்கு இழுக்கிறது. அமெரிக்காவில் இதன் சிறிய வடிவமான ஃபிஃப்த் வீல் ஹிட்சைப் பிக்கப்பின் பாடிக்குள் பொருத்தி, படுக்கையும் சமையலறையும் உள்ள கேம்பர்களை இழுக்கிறார்கள். அங்கே வேலைக்குப் போயிருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்காகத்தான் இந்த வீடியோ.

(காட்சி: பிக்கப்பின் அடிப்பகுதி, வரைபடம்.)

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம் என்றால் என்ன என்று தெரியும். இங்கே அந்த முன்பாரம் கிங்பின் வழியாகப் பிக்கப்பின் மேல் இறங்குகிறது. பொதுவாக டிரெய்லர் எடையில் 15 முதல் 25 சதவீதம். டிரெய்லர் 5,000 கிலோ என்றால் 750 முதல் 1,250 கிலோ வரை. பாடியின் தகட்டுக்கு இது ஆகாது, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ்தான் தாங்க வேண்டும். எனவே கடையில் முதலில் கேட்க வேண்டியது, பாரம் எந்த வழியாகச் சேசிஸுக்குப் போகிறது என்பதைத்தான். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சுமை அளவையும் அப்போதே படித்துவிடுங்கள்.

பழைய முறையில் பாடியின் குறுக்கே இரண்டு தண்டவாளங்களை வைத்து, தரையைத் துளைத்து, போல்ட்டுகளால் சேசிஸோடு இணைப்பார்கள். வலுவில் குறை இல்லை. ஆனால் ஹிட்சைக் கழற்றிய பிறகும் தண்டவாளம் காலை இடறும், துளை துளையாகவே இருக்கும். பல கனரகப் பிக்கப்புகளில் ஹிட்ச் தயார்நிலை வசதி கேட்டு வாங்கினால், சேசிஸோடு இணைந்த நான்கு பொருத்துக் குழிகளும் நடுவில் பந்து வடிவ இணைப்பைப் பொருத்தும் ஒரு குழியும் தொழிற்சாலையிலேயே வந்துவிடும். அந்த நான்கில் பூட்டும் ஹிட்சையோ, நடுக்குழியில் உட்காரும் ஹிட்சையோ வாங்குங்கள். துளையிடும் வேலையே இல்லை. கழற்றினால் தரை வெறும் தரையாகிவிடும். என் கை இதற்குத்தான் போகும்.

(காட்சி: வாலிநோக்கம் உப்பளம். துருப்பிடித்த லாரி பாடி.)

துளைக்கு ஏன் இவ்வளவு பயம் என்பவர்கள் இந்த லாரியைப் பாருங்கள். பெயின்ட் உரிந்த இடத்தில்தான் உப்பு முதலில் வாய் வைக்கிறது. அமெரிக்காவின் குளிர் மாநிலங்களில் பனியை உருக்கச் சாலையிலேயே உப்பைக் கொட்டுகிறார்கள். 2015 மாடல் முதல் ஃபோர்டு எஃப்-150 வண்டியின் பாடி அலுமினியம். அலுமினியத்தோடு இரும்பு நேராக உரசி, இடையில் உப்பு நீரும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். துளைத்தே ஆக வேண்டுமென்றால் விளிம்பில் பெயின்ட் பூசுங்கள். அதற்கும் முன்னால் கீழே குனிந்து, எரிபொருள் டேங்கும் பிரேக் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று பாருங்கள். பாடியில் விரித்த பிளாஸ்டிக் தட்டின் மேல் ஹிட்சை வைக்காதீர்கள். பிளாஸ்டிக் அமுங்க அமுங்க போல்ட் தளரும்.

(காட்சி: குறுகிய திருப்பத்தில் பிக்கப்பும் கேம்பரும், அசைவூட்டப் படம்.)

பாடியின் நீளமும் முக்கியம். எட்டடிப் பாடிக்குச் சாதாரண ஹிட்ச் போதும். ஆறரை அடியோ அதற்கும் குறைவோ என்றால், இறுக்கமாகத் திரும்பும்போது கேம்பரின் மூக்கு கேபினின் பின்கண்ணாடியில் மோதக்கூடும். அதைத் தவிர்க்க, பின்பக்கமாக நகர்ந்து கொடுக்கும் ஸ்லைடர் ஹிட்ச் வேண்டும். பாடியின் பக்கச் சுவருக்கும் கேம்பரின் அடிப்பகுதிக்கும் இடையில் சுமார் 15 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும்படி உயரத்தை அமையுங்கள்.

எவ்வளவு நல்ல ஹிட்ச் வாங்கினாலும் பாடியை நசுக்க ஒரு வழி இருக்கிறது. கிங்பின், ஹிட்சின் பூட்டுத் தாடைகளுக்குள் இறங்காமல் மேலேயே உட்கார்ந்திருக்கும்; பூட்டிவிட்டது என்று நம்பி வண்டியை எடுத்தால், கேம்பரின் மூக்கு பாடியின் சுவர்கள் மேல் விழும். டார்ச் அடித்துப் பாருங்கள், தாடைகள் கிங்பின்னைச் சுற்றி மூடியிருக்க வேண்டும். பிறகு டிரெய்லர் பிரேக்கைப் பிடித்தபடி பிக்கப்பை மெல்ல முன்னால் இழுத்துப் பாருங்கள். இதை டிரெய்லரின் ஊன்றுகால்கள் தரையில் இருக்கும்போதே செய்ய வேண்டும். கால்களைத் தூக்குவது அதற்குப் பிறகுதான்.