புலிமேல் ஊர் திரும்பியவள்

அனைவருக்கும் வணக்கம். ‘இளையோருக்கான படக்கதைகளில் பெண்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. நான் ஒரே ஒரு பெண்ணைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அவள் பெயர் பிரியா. ‘பிரியாஸ் சக்தி’ என்ற படக்கதையில் புலிமேல் ஏறி வருகிறவள்.

நான் பள்ளியில் படித்த காலத்தில் காமிக்ஸ் என்றால் அண்ணன்மார்களின் சொத்து. அவர்கள் படித்து முடித்த பிறகுதான் எங்கள் கைக்கு வரும். 1984இல் லயன் காமிக்ஸ் தொடங்கியபோது அதன் முதல் இதழின் நாயகியே ஒரு பெண், மாடஸ்டி. எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். ஆனால் இருட்டிய பிறகு வீடு திரும்பினால் ‘எங்கே போயிருந்தாய்?’ என்று அவளை வாசலில் நிறுத்திக் கேட்க ஒருவரும் கிடையாது. எங்களுக்குத் தெருவே இருந்தது. அப்படித் தெரு கேள்வி கேட்கிற ஒரு பெண்ணைச் சாகசக் கதையின் நடுவில் நான் சந்தித்தது பிரியாவிடம்தான்.

அவள் பிறந்த கதையைச் சொல்லவேண்டும். 2012 டிசம்பர் 16, டெல்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவிக்கு நடந்த கொடுமை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்போது நீங்கள் சின்னப் பிள்ளைகள். அதற்குப் பிறகு தெருவில் இறங்கிய கூட்டத்தில் ராம் தேவினேனி என்ற திரைப்படக்காரரும் இருந்தார், நியூயார்க்கில் வாழ்பவர். அங்கே ஒரு போலீஸ் அதிகாரியிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார். நல்ல பெண் ராத்திரியில் தனியாக வெளியே போகமாட்டாள் என்ற பொருளில் பதில் வந்ததாம். பாலியல் குற்றச் சட்டங்களைச் சீர்திருத்த அரசு அமைத்த நீதிபதி வர்மா குழு 29 நாளில் அறிக்கை கொடுத்தது, 2013இல் சட்டம் திருத்தப்பட்டது. எல்லாம் தேவைதான். ஆனால் அந்த அதிகாரியின் வாயில் வந்த வாக்கியத்தை எந்தச் சட்டத்தால் திருத்துவது? தேவினேனி அதற்குக் கதையைத் தேர்ந்தெடுத்தார். டான் கோல்ட்மேன் படம் வரைய, 2014 டிசம்பரில் மும்பை காமிக்கான் என்ற காமிக்ஸ் விழாவில் ‘பிரியாஸ் சக்தி’ வெளியானது.

கதை எளிமையானது. ஆசிரியையாக வேண்டும் என்று கனவு காணும் கிராமத்துப் பெண் பிரியா. அப்பா படிப்பை நிறுத்தி வீட்டு வேலையைப் பார்க்கச் சொல்கிறார். வளர்ந்த பிறகு ஊர் ஆண்கள் அவளைச் சீரழிக்கிறார்கள். அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தால், வீடு அவளையே குற்றம் சொல்லி வெளியே தள்ளுகிறது. அவள் காட்டுக்குப் போகிறாள். பார்வதிக்கு அவள் குரல் கேட்கிறது. சிவனுக்குக் கோபம் வந்து, இனி மனித இனத்துக்குச் சந்ததியே வேண்டாம் என்று முடிவெடுக்கிறார். தேவர்களுக்குள் போர் மூள்கிறது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நம் ஊர்த் திரைப்படமாக இருந்தால் அடுத்து என்ன வரும்? அம்மன் வேப்பிலையோடு வருவாள், சூலம் பாயும், கெட்டவன் செத்துவிழுவான், நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம். இந்தக் கதையில் பார்வதி சிவனின் கோபத்தைத் தடுக்கிறாள். உலகத்தை அழிப்பதால் பிரியாவுக்கு என்ன கிடைக்கும்? அவள் இன்னும் காட்டில்தான் இருக்கிறாள். ஒரு புலி அவளைத் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கிறது. பார்வதி வந்து அந்தப் புலியைக் கொல்லவில்லை. திரும்பி அதைப் பார்க்க வைக்கிறாள். இத்தனை நாள் எதற்குப் பயந்து ஓடினாளோ அதன் முதுகிலேயே பிரியா ஏறி உட்காருகிறாள்.

புலியின் பெயர் சாஹஸ். துணிச்சல் என்று பொருள். அதே சொல்தான் தமிழில் சாகசம் என்று வந்தது. ஆண் செய்தால் வீரம். ஆனால் ‘சாகசக்காரி’ என்று ஒரு பெண்ணைச் சொல்லிப் பாருங்கள், நம் பாட்டிகள் முகம் சுளிப்பார்கள். நடிப்புக்காரி, மயக்குகிறவள் என்று ஆகிவிடும். ஒரு பெண்ணின் துணிச்சலுக்கு நாம் வைத்த பெயர் வசையாகிப் போனதை நினைத்தால் எனக்கு இன்னமும் வலிக்கிறது.

சரி, புலிமேல் ஏறியவள் எங்கே போகிறாள்? கைலாசத்துக்குப் போகலாம், காட்டிலேயே ராணியாக இருக்கலாம். அவள் ஊருக்குத் திரும்புகிறாள், தன்னை வெளியே தள்ளிய அதே ஊருக்கு. வெட்கப்படாமல் பேசுங்கள், பெண்பிள்ளைகளைப் படிக்க வையுங்கள், கூட நில்லுங்கள் என்று சொல்கிறாள். என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் மாயம் சிவனும் பார்வதியும் அல்ல, இந்தத் திரும்புதல்தான். நடந்த கொடுமைக்காகத் தலைகுனிய வேண்டியது தான் அல்ல என்று தெரிந்துகொண்டு, நிமிர்ந்த தலையோடு ஒரு பெண் தன் தெருவில் நுழைகிறாள். நிஜத்தில் அது எவ்வளவு அரிது என்று இங்கே இருக்கும் அம்மாக்களுக்குத் தெரியும்.

இரண்டாம் பாகம் 2016இல் வந்த ‘பிரியாஸ் மிரர்’. திரைப்பட இயக்குநர் பரோமிதா வோராவும் தேவினேனியோடு சேர்ந்து எழுதியது. அமிலவீச்சுக்கு ஆளான பெண்கள் அகங்கார் என்ற அசுரனின் கோட்டையில் அடைபட்டிருக்கிறார்கள். அவன் தங்களைக் காப்பதாகவே அவர்கள் நினைக்கிறார்கள். வெளியே போனால் உலகம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்ற பயம்தான் அந்தக் கோட்டைக்குச் சுவர். பிரியா அவர்களிடம் ஒரு கண்ணாடியை நீட்டுகிறாள். முகத்தின் தழும்பைத் தாண்டி, தாங்கள் யார் என்பதை அவர்கள் அதில் பார்க்கிறார்கள்.

டெல்லி சம்பவத்துக்கு ஒரு மாதம் முன்னால், 2012 நவம்பரில், நம் பக்கத்தில் காரைக்காலில் ஓர் இளம் பொறியாளர்மேல் அமிலம் வீசப்பட்டது. ‘மாட்டேன்’ என்று சொன்னதுதான் அவர் செய்தது. சென்னை மருத்துவமனையில் மூன்று மாதம் போராடி, 2013 பிப்ரவரியில் இறந்தார். அந்த ஆண்டு ஜூலையில்தான் அமில விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது. அதற்கு வழிசெய்த மனுவைத் தாக்கல் செய்தவர் லக்ஷ்மி அகர்வால். அவர்மேல் அமிலம் வீசப்பட்டபோது அவருக்கு வயது 15. அந்தக் கண்ணாடிப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் காரைக்கால் பெண்தான் நினைவுக்கு வருகிறார்.

2019இல் வந்த மூன்றாம் பாகம் கடத்தப்பட்ட சிறுமிகளைப் பற்றியது. தன் தங்கையைத் தேடிப் பிரியா ராகு என்ற அசுரனின் நகரத்துக்குள் போகிறாள், பெண்களை மீட்கிறாள். வேறு யாராவது எழுதியிருந்தால் அங்கேயே ‘முற்றும்’ போட்டிருப்பார்கள். இதில் மீண்டு வந்த பெண்களை ஊர் தொழுநோயாளிகளைப் போல ஒதுக்குகிறது. அசுரனை வென்ற பிரியா மறுபடி ஊரோடு வழக்காட வேண்டியிருக்கிறது. மூன்று பாகத்திலும் இதே இடத்துக்குத்தான் கதை வந்து நிற்கிறது. அசுரனைச் சில பக்கங்களில் வென்றுவிடலாம். ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்பது அதைவிடப் பலமானது.

எனக்கு ஒரு குறையும் உண்டு. கதையின் பலம் பார்வதி என்றால், அவளை வணங்காத வீட்டுப் பெண்ணுக்கு, கோயிலுக்குள்ளேயே விடப்படாத தெருப் பெண்ணுக்கு, இந்தக் கதவு எவ்வளவு திறக்கும்? ஊர் என்கிறார்கள், அந்த ஊரில் சாதி எங்கே? அந்தக் கதையை உங்களில் ஒருத்தி எழுதவேண்டும், வரையவேண்டும். தெய்வம் எதுவாகவும் இருக்கட்டும், இல்லாமலும் போகட்டும்.

அப்புறம், இதைப் படிக்கக் காசு தேவையில்லை. இணையத்தில் இலவசமாகவே கொடுத்திருக்கிறார்கள். மூன்று பாகத்தையும் அச்செடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன். முன்வரிசையிலிருந்து கொடுக்கிறேன், பார்த்துவிட்டுப் பின்னால் அனுப்புங்கள். வீட்டுக்கு எடுத்துப்போக ஆசைப்படுகிறவள் எடுத்துப்போகலாம். தம்பி இருந்தால் அவனுக்கும் காட்டு.